கனடாவில் ஒரு பந்தாட்டப் பருவம்

கால்பந்து என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் ஓர் உருண்டைப் பந்து தோன்றும். அதனை உதைத்துக்கொண்டோடும் பதினொருவர் தோன்றுவர். கனடா நாட்டில் ‘புட்பால்’ என்று சொன்னால் வேறொரு காட்சி தோன்றும். பந்து நீண்டிருக்கும், இரு முனையும் கூராக இருக்கும். ஆடுவோர் பன்னிருவர். தலையில் கவசம், தோளில் திண்டு. பந்தைக் காலால் உதைப்பது சில வேளைகளில்தான். பெரும்பாலும் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், கையால் வீசுவதுமே ஆட்டம். நாம் கால்பந்து என்பதை அவர்கள் ‘சாக்கர்’ என்று தனியே அழைக்கின்றனர்.

இவ்வாட்டத்தைப் பற்றி நம் சங்க இதழில் எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். மேற்படிப்புக்காகக் கனடா செல்லும் தமிழ் மாணவர் தொகை இன்று சிறிதன்று. அவர்களுள் பலர் போய் இறங்கும் செப்டம்பர் மாதமே இவ்வாட்டத்தின் தொடக்க காலம். புதிய ஊரில், முதற் சனிக்கிழமையன்று, பல்கலைக்கழகமே ஒரே வண்ணச் சட்டை அணிந்து ஆடுகளத்தை நோக்கிச் செல்வதைக் காண்பார்கள். உடன் செல்வதற்குக் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் நல்லதன்றோ? அன்றியும், ஒரு பல்கலைக்கழகம் விளையாட்டை எதற்காக நடத்துகிறது என்னும் கேள்விக்கு இந்த ஆட்டத்தின் வரலாற்றில் பல விடைகள் கிடக்கின்றன. அவையும் நமக்குப் பயன்படுவனவே.

பிறந்த கதை

இவ்வாட்டம் கல்லூரி முற்றத்தில் பிறந்தது. 1861ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூனிவர்சிட்டி கல்லூரியில் நடந்த ஆட்டமே கனடாவில் ஏட்டில் பதிவான முதல் ஆட்டம் என்பர். அக்காலத்தில் விதிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. அதனால் விளைந்த ஒரு வேடிக்கை உலக விளையாட்டு வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது.

1874ஆம் ஆண்டு மே மாதம் மான்ட்ரியாலிலிருந்து மக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் அமெரிக்காவின் ஹார்வார்டு பல்கலைக்கழகத்துக்கு ஆடச் சென்றனர். போன பிறகுதான் இருவர் விதியும் ஒன்றன்று என்பது தெரிந்தது. ஹார்வார்டு மாணவர் ஆடியது உருண்டைப் பந்து. மக்கில் மாணவர் கொண்டு சென்றதோ நீள்பந்தும், பந்தைக் கையிலேந்தி ஓடும் ரக்பி முறையும். முதல் நாள் உங்கள் விதி, மறுநாள் எங்கள் விதி என்று உடன்பாடு செய்துகொண்டனர். முதல் நாள் ஹார்வார்டு வென்றது. மறுநாள் ஆட்டம் புள்ளியின்றிச் சமனாக முடிந்தது. ஆனால் விருந்தாளியின் ஆட்டம் வீட்டுக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. ஹார்வார்டு அதனையே கைக்கொண்டது. இன்று கோடிக்கணக்கான டாலர் புரளும் அமெரிக்கப் புட்பாலின் வித்து கனடிய மாணவர் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன அந்த நீள்பந்துதான்.

1898இல் மக்கிலைச் சேர்ந்த மருத்துவர் யேட்ஸ் என்பவர் பல்கலைக்கழகங்களுக்கென ஒரு கோப்பையை வழங்கினார். யேட்ஸ் கோப்பை இன்றும் ஒன்டாரியோ மாகாணத்து அணிகளின் பரிசாக விளங்குகிறது. கனடாவின் தொழில்முறை அணிகள் இன்று போட்டியிடும் கிரே கோப்பை 1909இல்தான் வந்தது. அந்த முதற் கிரே கோப்பையை வென்றவர்களும் மாணவர்களே! டொராண்டோ பல்கலைக்கழகம் 1909, 1910, 1911 ஆகிய மூன்றாண்டும் அதனைக் கைப்பற்றியது. கிங்ஸ்டன் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகம் 1922 முதல் 1924 வரை மும்முறை தொடர்ந்து வென்றது. பின்னர்ச் சம்பளம் பெற்று ஆடும் அணிகள் பெருகவே, மாணவர் தம் வழியே தனியே சென்றனர்.

மாணவருக்கென நாடு தழுவிய இறுதிப் போட்டி 1965இல் தோன்றியது. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் வானியே பெயரால் அது வானியே கோப்பை எனப்படுகிறது. முதற் போட்டியில் டொராண்டோ அணி அல்பெர்ட்டா அணியை 14–7 என்று வென்றது. அந்த நாளில் போட்டியின் வருவாய் குழந்தைகள் நல நிதிக்குச் சென்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆடும் முறை

கனடிய ஆடுகளத்தின் நீளம் 110 கஜம், அகலம் 65 கஜம். இரு கோடியிலும் கோல் கோட்டுக்கு அப்பால் ஒரு பரப்பு உண்டு. அதனை நாம் ‘கோட்டை’ என்று கொள்வோம். எதிரியின் கோட்டைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் ‘டச்டவுன்’. அதற்கு 6 புள்ளி. அதன்பின் கிடைக்கும் ஒரு கூடுதல் வாய்ப்பில் 1 அல்லது 2 புள்ளி பெறலாம். கோல் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் 3 புள்ளி. ஆட்ட நேரம் பதினைந்து நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள்.

நம் சடுகுடுவில் ஒருவர் பாடிச் சென்று திரும்பியதும் அடுத்த பாட்டு தொடங்குவதுபோல, இவ்வாட்டமும் தனித்தனி முயற்சிகளாக நடக்கும். பந்தை ஏந்தியவர் வீழ்த்தப்பட்டதும் முயற்சி முடிந்தது. அனைவரும் மீண்டும் அணிவகுப்பர். ஒவ்வொரு முயற்சிக்கும் ‘டவுன்’ என்று பெயர். மூன்று டவுனுக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் புதிதாக மூன்று கிடைக்கும். தவறினால் பந்து எதிரியின் கைக்குப் போய்விடும்.

அமெரிக்காவில் இதே பத்துக் கஜத்துக்கு நான்கு டவுன் உண்டு. ஒன்றுதானே வேறுபாடு என்று எண்ண வேண்டா. சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைசி டவுனில் தோற்றால் நின்ற இடத்திலேயே பந்தை இழக்க நேரும். ஆதலால் பெரும்பாலும் அந்த டவுனில் பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரியைப் பின்னுக்குத் தள்ளிவிடுவர். அப்படியானால் முன்னேறுவதற்கு அமெரிக்கனுக்கு உண்மையில் மூன்று முயற்சி, கனடியனுக்கு இரண்டே. அமெரிக்கன் தடவைக்கு மூன்றே கால் கஜத்துக்குச் சற்று மேல் நகர்ந்தால் போதும். கனடியன் ஐந்து கஜம் நகர வேண்டும். முட்டி மோதி மூன்று கஜம் பெறுவது அங்கே ஊதியம், இங்கே நட்டம். எனவேதான் கனடிய ஆட்டத்தில் பந்தை நெடுந்தூரம் வீசுவதும் உதைப்பதும் மிகுதி. ஒரு விதியின் ஓர் எண்ணை மாற்றினால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிடுகிறது. விஞ்ஞான மாணவனாகிய எனக்கு இவ்வாட்டத்தில் மிகவும் பிடித்த செய்தி இதுவே.

வீச்சைப் பற்றியும் ஒரு சொல். நீள்பந்தைச் சும்மா எறிந்தால் அது காற்றில் குட்டிக்கரணம் போட்டு வழிதவறும். தேர்ந்த வீச்சாளர் விரல்களால் அதற்கு ஒரு சுழற்சி கொடுக்கிறார். பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பதுபோல, தன் நீள அச்சைச் சுற்றிச் சுழலும் பந்தும் கூர்முனையை முன்னே நீட்டிக்கொண்டு நேராகச் செல்கிறது. காற்றின் தடையும் குறைகிறது. வீசுபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அணியின் மூளையும் அவரே.

ஒற்றைப் புள்ளியின் அருமை

கனடிய ஆட்டத்துக்கே உரிய விதி ஒன்று உண்டு. உதைத்த பந்து எதிரியின் கோட்டைக்குள் சென்று, அதனை அவர்கள் வெளியே கொண்டுவர இயலாமற் போனால், உதைத்தவருக்கு 1 புள்ளி. இதற்கு ‘ரூஜ்’ என்று பெயர். தோற்றுப்போன உதைக்கும் பரிசா என்று அமெரிக்கர் நகைப்பதுண்டு. ஆனால் அந்த ஒற்றைப் புள்ளியால் ஒவ்வோர் உதையும் உயிருள்ளதாகிறது. பிடிப்பவர் கைகட்டி நிற்க முடியாது, ஓடியே தீர வேண்டும். அவருக்கு மூச்சுவிட இடம் வேண்டுமே என்பதற்காக, அவரைச் சுற்றி ஐந்து கஜ தூரத்துக்குள் எதிரணியார் முன்கூட்டியே வந்து நிற்கலாகாது என்னும் நியாயமும் விதியில் உண்டு.

இதன் அருமை 2011ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் வான்கூவர் நகரில் நடந்த வானியே கோப்பைப் போட்டியில் விளங்கிற்று. ஒருபுறம் ஹாமில்டன் நகரத்து மக்மாஸ்டர் பல்கலைக்கழகம். மறுபுறம் முந்திய ஆண்டின் வெற்றியாளரான கியூபெக்கின் லாவல் பல்கலைக்கழகம். இடைவேளையில் மக்மாஸ்டர் 23, லாவல் சுன்னம். ஆட்டம் முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆனால் லாவல் விடவில்லை. ஏறி வந்து முந்தவும் செய்தது. மக்மாஸ்டர் மீண்டும் எட்டிப் பிடித்தது. 31–31 என்ற நிலையில் கடைசி நொடியில் மக்மாஸ்டர் உதைஞர் கம்பத்தை நோக்கி உதைத்தார். பந்து தவறியது. தவறினாலும், பந்து கோட்டைக்குள் முடங்கியிருந்தால் ஒரு புள்ளி. அந்த ஒன்றே கோப்பை! லாவல் அதற்கும் இடங்கொடுக்கவில்லை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. அதிலும் முதற் சுற்றில் முடிவு தெரியவில்லை. இரண்டாம் சுற்றில், சற்றுமுன் தவறவிட்ட அதே உதைஞர் உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே சென்றது. மக்மாஸ்டர் 41, லாவல் 38. பல்கலைக்கழக ஆட்டங்களுள் இதற்கு இணையில்லை என்று சொல்பவர் இன்றும் பலர்.

பருவத்தின் போக்கு

பருவம் மிகக் குறுகியது. ஆகஸ்டில் பயிற்சி முகாம். மாதக் கடைசியில் அல்லது செப்டம்பர்த் தொடக்கத்தில் முதல் ஆட்டம். நவம்பர் இறுதியில் கோப்பை. மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். தொடக்கத்தில் வெயில், நடுவில் மேப்பிள் மரங்கள் சிவந்து இலையுதிர்க்கும், முடிவில் பனி. ஒரே அணி ஒரே பருவத்தில் மூன்று வேறு நாடுகளில் ஆடுவதுபோல இருக்கும். குளிரில் பந்து இறுகும், விரல் மரத்துப்போகும். எனவே செப்டம்பரில் வீசி வென்ற அணி நவம்பரில் ஓடி வெல்லக் கற்றிருக்க வேண்டும்.

கனடாவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே நிலவழியில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேலாகும். எல்லாரும் எல்லாரோடும் ஆடுவது இயலாது. ஆகவே 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடிய 27 அணிகளும் நான்கு வட்டாரங்களாகப் பிரிந்திருந்தன: அட்லாண்டிக், கியூபெக், ஒன்டாரியோ, மேற்குக் கனடா. வட்டாரத்துக்குள் எட்டு ஆட்டங்கள். அவற்றில் முன்னணியில் நிற்போர்க்கு வட்டாரக் கோப்பைப் போட்டி. ஒன்டாரியோவுக்கு யேட்ஸ் கோப்பை, கியூபெக்குக்கு டன்ஸ்மோர் கோப்பை, மேற்குக்கு ஹார்டி கோப்பை, அட்லாண்டிக்குக்கு லோனி கிண்ணம். இந்நால்வரும் யூடெக் கிண்ணம், மிட்செல் கிண்ணம் என்னும் இரு அரையிறுதிகளில் மோதுவர். வென்ற இருவரும் வானியே கோப்பைக்கு. வட்டாரக் கோப்பைக் கட்டம் தொடங்கியபின் ஒருமுறை தோற்றால் பருவம் முடிந்தது, மறுவாய்ப்புக் கிடையாது.

2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்டாரியோவில் வில்பிரிட் லாரியே பல்கலைக்கழகம் தோல்வியே காணாமல் யேட்ஸ் கோப்பையை வென்றது. அவ்வணியின் குவார்ட்டர்பேக் டெய்லர் எல்கெர்ஸ்மா அவ்வாண்டின் தலைசிறந்த மாணவ ஆட்டக்காரருக்குரிய ஹெக் கிரைட்டன் பரிசைப் பெற்றார். அரையிறுதியில் லாரியே பிஷப்ஸ் பல்கலைக்கழகத்தையும், லாவல் ரெஜைனாவையும் வென்றன. நவம்பர் 23 அன்று கிங்ஸ்டனில் இறுதிப் போட்டி. அதுவரை தோற்காத லாரியே அன்று தோற்றது. லாவல் 22–17 என வென்று தன் பன்னிரண்டாவது வானியே கோப்பையைக் கொண்டு சென்றது. இவ்வளவு கோப்பைகளை வேறெந்தப் பல்கலைக்கழகமும் பெற்றதில்லை.

கோப்பைக்கு அப்பாற்பட்ட ஆட்டங்களும் உண்டு. ஆட்டவா நகரில் ஆட்டவா பல்கலைக்கழகமும் கார்ல்டன் பல்கலைக்கழகமும் 1955 முதல் ‘பாண்டா ஆட்டம்’ ஆடி வருகின்றன. பரிசு, பெட்ரோ என்னும் பாண்டாக் கரடி. 1998க்குப் பிறகு கார்ல்டன் தன் அணியைக் கலைத்தது; ஆட்டமும் நின்றது. பழைய மாணவர் துணையோடு 2013இல் அணி மீண்டும் எழுந்தது, பெட்ரோவும் திரும்பியது. 2019இல் அவ்வாட்டத்துக்குக் கூடியவர் 24,000க்கும் மேல்.

ஏடும் பந்தும்

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். இம்மாணவர்க்குச் சம்பளமில்லை. விளையாட்டுக்கென வழங்கும் உதவித்தொகை, கல்விக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் மீறலாகாது என்பது அங்கு நெடுநாளைய நெறி. ஒருவர் ஐந்து பருவங்களுக்கு மேல் ஆட முடியாது. படிப்பில் தேறியிருக்கவும் வேண்டும். 80 விழுக்காட்டுக்கு மேல் பெறும் ஆட்டக்காரருக்குத் தனிச் சிறப்புப் பட்டமே உண்டு.

இந்நெறியில் விளைந்தவர் சிலரைச் சொல்கிறேன். ரஸ் ஜாக்சன் மக்மாஸ்டரில் கணிதம் பயின்றுகொண்டே ஆடியவர். பின்பு ஆட்டவா தொழில்முறை அணியில் 1960, 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் கிரே கோப்பை வென்றார். அக்காலத்திலும் அவர் பள்ளி ஆசிரியர், பிற்காலத்தில் தலைமையாசிரியர். ஆட்டம், படிப்பு, பொதுத்தொண்டு மூன்றிலும் சிறந்த மாணவருக்கு அவர் பெயரால் இன்று பரிசளிக்கின்றனர். லாரென்ட் டுவர்னே-டார்டிப் மக்கிலில் மருத்துவம் படித்தபடியே ஆடினார். 2014இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆட்டம் ஓயும் மாதங்களில் திரும்பி வந்து படித்து 2018இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் உச்சப் போட்டியான சூப்பர் பௌலை வென்றார். அவ்வாண்டே கொள்ளைநோய் பரவியபோது, அடுத்த பருவத்தின் ஊதியத்தைத் துறந்து, கியூபெக்கில் முதியோர் காப்பகம் ஒன்றில் பணி செய்தார்.

நாணயத்தின் மறுபுறத்தையும் காண வேண்டும். முதல் கிரே கோப்பையையும் முதல் வானியே கோப்பையையும் வென்ற டொராண்டோ பல்கலைக்கழகம், 2001க்கும் 2008க்கும் இடையே 49 ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றது! 2008 செப்டம்பர் 1 அன்று வாட்டர்லூ அணியை 18–17 என்று வென்றபோதுதான் அந்தப் பீடை நீங்கியது. ஒரு முழு மாணவத் தலைமுறை வெற்றி என்பதையே அறியாமல் ஆடிவிட்டுப் பட்டம் பெற்றுச் சென்றது. ஆயினும் அணி கலைக்கப்படவில்லை. ஒவ்வோர் ஆகஸ்டிலும் புதிய மாணவர் பயிற்சிக்கு வந்துகொண்டேயிருந்தனர். அவர்கள் எதற்காக வந்தார்கள்? கோப்பைக்காக இருக்க முடியாது. இந்தக் கேள்வியை எண்ணும்போதெல்லாம், பன்னிரண்டு கோப்பை வென்றவரைக் காட்டிலும் இந்த நாற்பத்தொன்பது தோல்வியாளர் மேல் எனக்கு மதிப்பு மிகுகிறது.

லாவலின் வெற்றிக்குப் பின்னேயும் ஒரு பாடம் உண்டு. 1996இல்தான் அங்கே அணி தொடங்கியது. மூன்றே ஆண்டில், 1999இல், கோப்பை. தனியார் வணிகர் ஆதரவோடு ஒரு தனி நிறுவனம்போல அணியை நடத்தியதே காரணம். அதன் ஆட்டங்களுக்குப் பத்தாயிரம் பேர் கூடுவது வழக்கமாயிற்று. ஆனால் இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவரே படிக்கும் மவுண்ட் அலிசன் போன்ற சிறு பல்கலைக்கழகம் அத்தகைய பொருள்வலியோடு எப்படி ஈடுகொடுக்கும்? 1984இலும் 1991இலும் வானியே இறுதிப் போட்டிவரை வந்த அணி அது. இன்று அத்தகைய வியப்பு நிகழ்வது அரிது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கழகத்தில் சேர்ந்து அமெரிக்க விதிப்படி ஆடிவந்தது. அங்கே ஆடிவந்த போட்டிக் குழுவில் தொடர்ந்து இடமில்லை என்றானதும், 2023 ஏப்ரலில் அணியையே நிறுத்திவிட்டது. அடுத்த பருவத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த மாணவர் திகைத்து நின்றனர். ஆட்டத்தின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்து சேர்ந்தவன் மாணவன். அதை ஒரே அறிக்கையில் முடித்துவைப்பது நிர்வாகம்.

உடலுக்கு நேரும் தீங்கையும் மறைத்தலாகாது. தலைக்கவசம் மண்டையோடு பிளவாமல் காக்கும். ஆனால் ஓடிவந்த உடல் சட்டென நிற்கும்போது உள்ளே மூளை தன் வேகத்தில் சென்று எலும்பில் மோதுவதை அதனால் முற்றும் தடுக்க முடியாது. முதல் அடி ஆறுமுன் இரண்டாம் அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. ரக்பி ஆட்டத்தில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு 2013இல் ஒரு பள்ளி மாணவி இறந்தபின், ஒன்டாரியோ மாகாணம் 2018இல் அவள் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றியது. அடிபட்டவர் என ஐயம் எழுந்தால் உடனே களத்திலிருந்து நீக்க வேண்டும். முறையான அனுமதியின்றி மீண்டும் இறக்கலாகாது. வீரம் என்ற பெயரால் மாணவரைப் பலியிடாமலிருக்க இத்தகைய விதிகள் இன்றியமையாதவை.

வரும் நாள்

2025 செப்டம்பரில் கனடாவின் தொழில்முறைக் கழகம் ஓர் அறிவிப்புச் செய்தது. 2027 முதல் ஆடுகளத்தின் நீளம் 110 கஜத்திலிருந்து 100 கஜமாகக் குறையும். அதற்கு முன்பே ஒற்றைப் புள்ளியின் எல்லையும் சுருக்கப்படும். தொழில்முறை அணிகளோடு ஒரே ஆடுகளத்தைப் பகிர்ந்துகொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு. மக்கிலும் அவற்றுள் ஒன்று. ஆகவே இக்கேள்வி மாணவரின் வாசலுக்கும் வந்தே தீரும். எண்களுள் ஒன்றை மாற்றினால் ஆட்டத்தின் இயல்பு மாறும் என்று மேலே கண்டோம். மூன்று டவுன் மட்டும் மாறாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதே பழைய அன்பர்க்கு ஆறுதல்.

கனடா செல்லும் நண்பர்களுக்கு ஒரு சொல். அங்கே ஒரு சனிக்கிழமை ஆய்வுக்கூடத்துக்குச் சற்று விடுமுறை கொடுத்துவிட்டு ஆடுகளத்துக்குச் செல்லுங்கள். கனத்த மேற்சட்டையை மறவாதீர்கள். புள்ளிப் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், மூன்றாம் டவுனில் ஒரு கஜமே வேண்டியிருக்கும்போது அணித்தலைவன் உதைக்கிறானா, துணிந்து ஓடுகிறானா என்று கவனியுங்கள். எதிரே ஓடிவருபவனும் திங்கட்கிழமை காலையில் வகுப்பில் உங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்து குறிப்பெழுதும் மாணவன்தான். அந்தத் திங்கட்கிழமை வகுப்பு இருக்கும்வரையில்தான் இது பல்கலைக்கழக ஆட்டம்.